சீசரின் கடைசிப் படத்தை எப்படிப் பார்ப்பது

2017-ல் வந்த 'வார் ஃபார் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒரே வரிதான்: கிராபிக்ஸ் அபாரம். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் படத்தைத் தவறவிட்டுவிடுகிறோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது முதலில் ஒரு நடிப்புப் படம். ஆண்டி செர்கிஸ் சீசர் என்ற சிம்பன்சியின் முகத்துக்குள் இருந்துகொண்டு மூன்று படங்களில் ஒரு முழு வாழ்க்கையை நடித்திருக்கிறார். அந்த நடிப்பைக் கண்ணால் பிடிப்பது எப்படி, எந்தக் காட்சியில் எதைப் பார்ப்பது, எது நடிகருடைய வேலை, எது அனிமேட்டருடைய வேலை என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முதல் மூன்று பகுதிகளில் கதையின் திருப்பங்கள் எதுவும் வராது. நான்காவது பகுதியிலிருந்து முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசுவேன், அதனால் படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்

முதலில் 2011-ல் வந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்', அடுத்து 2014-ல் வந்த 'டான் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்', கடைசியாக 'வார்'. இனி சுருக்கமாக 'ரைஸ்', 'டான்', 'வார்' என்றே சொல்கிறேன். முதல் படத்தை ரூபர்ட் வயட் இயக்கினார், மற்ற இரண்டும் மேட் ரீவ்ஸ். ஓடும் நேரம் 105, 130, 140 நிமிடங்கள், மொத்தம் ஆறேகால் மணி நேரம். ஒரே நாளில் மூன்றையும் பார்த்துத் தீர்க்காதீர்கள். மூன்றாவது படம் மெதுவானது, அமைதியானது, அதில் நீண்ட நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. களைத்த கண்களோடு உட்கார்ந்தால் அந்த அமைதி உங்களுக்கு அலுப்பாகத்தான் தெரியும். மூன்று நாட்கள், நாளுக்கு ஒன்று என்பதே சரியான அளவு.

1968-ல் தொடங்கிய பழைய படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பியர் பூல் 1963-ல் எழுதிய பிரெஞ்சு நாவலிலிருந்து கிளம்பிய கதை இது, பழைய படங்களுக்கென்று தனி அழகு இருக்கிறது, ஆனால் சீசரின் மூன்று படங்களும் தம் காலில் நிற்பவை. பழையதைப் பார்த்தவர்களுக்கு நோவா, கர்னீலியஸ் போன்ற பெயர்கள் வரும்போது கூடுதலாக ஒரு சந்தோஷம் கிடைக்கும், அவ்வளவுதான்.

வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் கதை மட்டுமில்லை. பேச்சு எப்படி வளர்கிறது என்று பாருங்கள். முதல் படத்தில் சீசர் ஏறக்குறைய முழுக்க மௌனம், சைகைதான். இரண்டாவதில் சொல்லைத் தேடித் தேடி, தொண்டையிலிருந்து பிடுங்கி எடுப்பதுபோல் துண்டு துண்டாகப் பேசுகிறான். மூன்றாவதில் முழு வாக்கியமாகப் பேசுகிறான், ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசுவதில்லை. உடலும் அப்படித்தான். முதலில் குனிந்து கையூன்றி நடப்பவன் கடைசிப் படத்தில் நிமிர்ந்து நடக்கிறான், தாடியில் நரை இருக்கிறது. நேரடியாக மூன்றாவது படத்தில் இறங்குகிறவருக்கு அவன் பேசுவது சாதாரணமாகத் தெரியும். வரிசையாக வந்தவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் கனமாகத் தெரியும்.

படம் போடுவதற்கு முன் இவ்வளவு தெரிந்தால் போதும்

மோஷன் கேப்சர் என்றால் உடம்பில் புள்ளி ஒட்டிக்கொண்டு நடிப்பார்கள், கம்ப்யூட்டர் அதை மிருகமாக மாற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் தானாக எதையும் மாற்றிவிடுவதில்லை. நடப்பது இதுதான். நடிகர்கள் சாம்பல் நிறத்தில் இறுக்கமான உடை போட்டுக்கொள்கிறார்கள், மூட்டுகளில் குறிகள் இருக்கின்றன. தலையில் ஒரு கவசம், அதிலிருந்து ஒரு கம்பி நீண்டு முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கேமராவைப் பிடித்திருக்கும், முகம் முழுக்கப் புள்ளிகள் வரைந்திருக்கும். உடல் அசைவைச் சுற்றியுள்ள கேமராக்கள் பதிவு செய்கின்றன, முக அசைவைத் தலைக் கேமரா பதிவு செய்கிறது. முகமும் சேர்ந்து பதிவாவதால் இதைப் பெர்ஃபார்மன்ஸ் கேப்சர் என்றே அந்தத் துறையில் சொல்கிறார்கள்.

பழைய முறையில் இது மூடிய அரங்குக்குள் மட்டும்தான் நடக்கும். குறிகள் ஒளியைப் பிரதிபலிப்பவை, வெளியே கொண்டுபோனால் வெயிலில் எது குறி எது வெளிச்சம் என்று கேமராவுக்குத் தெரியாது. அதனால் மற்ற நடிகர்களோடு ஒருமுறை நடித்துவிட்டு, பிறகு தனியாக அரங்குக்குப் போய் அதையே திரும்ப நடிக்க வேண்டியிருந்தது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் செர்கிஸ் கோலம் பாத்திரத்தை அப்படித்தான் செய்தார். 'ரைஸ்' படத்தில் நியூசிலாந்தின் வெட்டா டிஜிட்டல் நிறுவனம் தானாகவே அகச்சிவப்பு ஒளியை உமிழும் குறிகளைக் கொண்டுவந்தது. கேமராவின் ஷட்டரோடு சேர்ந்து அவை விட்டுவிட்டு ஒளிரும், அதனால் பகலிலும் தெரியும். இதனால் குரங்காக நடிப்பவரும் மனிதராக நடிப்பவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து நடிக்க முடிந்தது. 'டான்' படத்தில் இந்த ஏற்பாட்டைக் காட்டுக்குள் மழைக்குக் கொண்டுபோனார்கள், 'வார்' படத்தில் பனிக்குக் கொண்டுபோனார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எடுத்த காட்சிகள் அவை.

ஒரு காட்சியை எடுத்து முடித்ததும், குரங்காக நடித்தவர்கள் இல்லாமல் அதே ஷாட்டை இன்னொருமுறை எடுத்துக்கொள்வார்கள். பிறகு சாம்பல் உடைக்காரரை அழித்துவிட்டு அந்த இடத்தில் குரங்கை வைக்க அது தேவைப்படும். எடிட்டிங்கில் முதலில் வெட்டி ஒட்டுவதும் சாம்பல் உடை மனிதர்கள் நடித்த படத்தைத்தான். எந்த டேக் நன்றாக இருக்கிறது என்று இயக்குநர் முடிவு செய்வது மனித முகத்தைப் பார்த்து.

அடுத்து வருவதுதான் கடினமான கட்டம், இதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மனித முகமும் சிம்பன்சி முகமும் ஒன்றில்லை. சிம்பன்சிக்குப் புருவ எலும்பு முன்னே தள்ளி நிற்கும், மூக்கு தட்டை, வாய்ப்பகுதி முன்னே நீண்டிருக்கும், உதடு பெரிது, எப்படி வேண்டுமானாலும் வளையும். செர்கிஸ் உதட்டோரத்தை ஒரு இழையளவு இறுக்கினால் அதை அப்படியே சீசரின் முகத்தில் போட முடியாது, போட்டால் வேறு ஏதோ உணர்ச்சியாகத் தெரியும். சிம்பன்சி பல்லைக் காட்டினால் பெரும்பாலும் அது சிரிப்பில்லை, பயம். ஆகவே அனிமேட்டர் உட்கார்ந்து, இந்த மனிதர் இந்த நொடியில் என்ன உணர்ந்தார் என்று படித்து, அந்த உணர்ச்சி இந்தக் குரங்கு முகத்தில் எப்படித் தெரியும் என்று கண்டுபிடித்து, தசை தசையாகச் சரி செய்ய வேண்டும். முகத்தின் ஒவ்வொரு அசைவையும் தசைவாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் ஒரு முறை இருக்கிறது, பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978-ல் வெளியிட்டது, உளவியலுக்காக உருவானது. முக அனிமேஷனுக்கு அதுவே அடித்தளம்.

செர்கிஸ் இதை டிஜிட்டல் மேக்கப் என்று ஒருமுறை சொல்லப்போய் அனிமேட்டர்கள் பலர் வருத்தப்பட்டார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது என்பதுதான் என் கருத்து. மேக்கப் என்றால் நடிகரின் முகத்தின் மேல் பூசுவது. இங்கே பூச முகமே இல்லை, முழுக்கப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதேசமயம் செர்கிஸ் தராத எதையும் அவர்கள் கற்பனையில் கொண்டுவந்து வைக்கவுமில்லை. இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இந்தப் படம் முழுசாகத் தெரியும்.

திரையையும் சத்தத்தையும் சரி செய்துகொள்ளுங்கள்

மொபைலில் பார்க்காதீர்கள். இது அந்தஸ்துக்காகச் சொல்வதில்லை. இந்தப் படத்தின் நடிப்பு கண்ணிமையில், மூக்கு மடிப்பில், கன்னத் தசையில் இருக்கிறது, உள்ளங்கை அளவு திரையில் அது தெரியாது. படத்தை எடுத்தது அலெக்ஸா 65 என்ற பெரிய சென்சார் கேமராவில், முகத்துக்கு மிக நெருக்கமாக. வீட்டில் இருக்கும் பெரிய திரைக்குப் பக்கமாக உட்காருங்கள். அறையில் விளக்கை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் பாதிப் படம் இரவு, குகை, சுரங்கம், கறுப்பு ரோமம்.

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி இருக்கும், கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதை அணைத்தே ஆக வேண்டும். அது இரண்டு பிரேமுக்கு நடுவில் தானாக ஒரு பிரேமை உருவாக்கிச் செருகுகிறது. கண்ணிமைப்பின் வேகத்தையும் தயக்கத்தின் நீளத்தையும் பிரேம் பிரேமாகத் தீர்மானித்து வைத்த படத்தில் அப்படிச் செருகினால், சீசர் உடனே வீடியோ கேம் பாத்திரம்போல ஆகிவிடுவான். வெளிச்சத்தையும் நிறத்தையும் தூக்கிக் காட்டும் மோட்களையும் விட்டுவிட்டு, சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று இருக்கும் மோடுக்குப் போங்கள்.

ஒலி: மூல ஆங்கிலத்தில்தான் பார்க்க வேண்டும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். டப்பிங் கலைஞர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, மற்ற படங்களுக்கு நானே டப்பிங்கைப் பரிந்துரைப்பேன். ஆனால் இங்கே குரல் தனியாக ஒட்டியதில்லை, உடலும் முகமும் பதிவான அதே மூச்சில் வந்தது. சீசர் பேசும்போது மார்பு எங்கே ஏறுகிறது, கழுத்து எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் அந்தக் குரலோடு கட்டப்பட்டவை. குரலை மாற்றினால் பாதி நடிகர் போய்விடுவார். மற்ற குரங்குகள் பெரும்பாலும் சைகைமொழியில் பேசுகின்றன, அதற்கு எப்படியும் சப்டைட்டில்தான் துணை. முடிந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சுவிடும் சத்தமே இதில் பாதி வசனம்.

முதல்முறை பார்க்கும்போது இதுவரை சொன்ன எதையும் நினைக்காதீர்கள். கதையோடு போங்கள். நுட்பத்தைத் தேடிக்கொண்டே இருந்தால் அழ வேண்டிய இடத்தில் ரோமத்தை எண்ணிக்கொண்டிருப்பீர்கள். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

இரண்டாம்முறை: எந்தக் காட்சியில் எதைப் பார்ப்பது

இனி கதை முழுக்க வெளியே வரும்.

முதலில் கண். நிஜச் சிம்பன்சியின் கண்ணில் மனிதர்களுக்கு இருக்கும் அளவு வெள்ளை வெளியே தெரியாது, அதனால் அது எங்கே பார்க்கிறது என்று சட்டென்று பிடிபடாது. சீசரின் பச்சை கலந்த கண் மருந்தால் வந்தது என்று கதை சொல்கிறது, அது ஒரு மனிதக் கண்ணைப்போல நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. இரண்டாம்முறை பார்க்கும்போது சீசர் ஒரு முடிவெடுக்கும் இடங்களில் மட்டும் கண்ணைப் பாருங்கள். முதலில் பார்வை நிலைகுத்தும், பிறகு கீழ் இமை லேசாக ஏறும், அதற்குப் பிறகுதான் தலை திரும்பும். நினைப்பு முன்னே, உடல் பின்னே. மோசமான அனிமேஷனில் கண்ணும் தலையும் ஒன்றாகத் திரும்பிவிடும், அதனால்தான் அந்தப் பாத்திரங்கள் யோசிப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

இதைப் பழக மிகச் சிறந்த இடம், முகாமில் வுடி ஹாரல்சன் நடித்த கர்னலும் விலங்கிட்ட சீசரும் பேசும் நீண்ட காட்சி. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை, ஒரு அறை, இரண்டு முகம். ஒன்று நிஜம், இன்னொன்று முழுக்கக் கட்டியது. வைரஸ் உருமாறி மனிதர்களின் பேச்சைப் பறிப்பதையும், அதற்காகத் தன் மகனையே கொன்றதையும் கர்னல் சொல்லச் சொல்ல, வசனம் முழுக்க அவன் பக்கம்தான், சீசர் கேட்கிறான். கேட்பதை நடிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான நடிப்பு. காட்சியை ஒருமுறை ஹாரல்சனை மட்டும் பார்த்து ஓட்டுங்கள், இன்னொருமுறை சீசரை மட்டும். தன் மனைவியையும் மூத்த மகனையும் கொன்றவன் எதிரே நிற்கிறான், அவனும் மகனை இழந்தவன் என்று தெரியவரும்போது சீசரின் முகத்தில் வெறுப்பு குறையவில்லை, ஆனால் வெறுப்போடு கூடவே இன்னொன்று வந்து உட்காருகிறது. புருவத்தின் உள்முனை மட்டும் கொஞ்சம் மேலே போகிறது, தாடை இறுகியது இறுகியபடியே இருக்கிறது. முகத்தின் மேல்பாதி ஒன்று சொல்ல, கீழ்பாதி வேறொன்று சொல்கிறது. இடையில் கர்னலே சீசரின் கண்களைப் பார்த்து, மனிதக் கண்போல இருக்கிறதே என்று வியக்கிறான். எழுதியவர்களுக்குத் தங்கள் படம் எதன்மேல் நிற்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்து மாரிஸ் என்ற ஒராங்குட்டான். நடித்தவர் கேரின் கோனவல் என்ற பெண். சியாட்டில் நகரின் வுட்லண்ட் பார்க் மிருகக்காட்சிசாலையில் இருந்த டோவன் என்ற ஆண் ஒராங்குட்டானோடு பழகி, அதன் அருகில் உட்கார்ந்து அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர். வளர்ந்த ஆண் ஒராங்குட்டானுக்குக் கன்னத்தில் பெரிய மடல் இருக்கும், அதனால் முகத்தில் நுணுக்கமான அசைவுக்கு இடம் குறைவு. மாரிஸின் நடிப்பு முழுவதும் சின்னக் கண்களிலும் கையிலும்தான் இருக்கிறது. சைகை செய்யும்போது அந்த விரல்கள் எவ்வளவு நிதானமாக விரிகின்றன, வாக்கியம் முடிந்த பிறகும் கை உடனே கீழே இறங்காமல் காற்றில் ஒரு கணம் நிற்கிறது, அதைக் கவனியுங்கள். பேச்சை இழந்த சிறுமி, தான் குரங்கா என்று சைகையில் கேட்கும்போது, நீ நோவா என்று மாரிஸ் பதில் சொல்லும் இடம் இருக்கிறதே, மூன்று படங்களிலும் எனக்கு மிகப் பிடித்த நொடி அதுதான். சிறுமியாக நடித்த அமையா மில்லரின் முகத்தையும் அங்கே பாருங்கள். அவள் எதிரே சாம்பல் உடையில் கோனவல் நிஜமாகவே உட்கார்ந்திருந்தார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரியும். வெறும் குச்சியில் ஒட்டிய பந்தைப் பார்த்து நடித்திருந்தால் இந்தப் பார்வை வந்திருக்காது.

லூகா என்ற கொரில்லாவை எடைக்காகப் பார்க்க வேண்டும். வளர்ந்த ஆண் கொரில்லா 150 கிலோவையும் தாண்டும், நடித்த மைக்கேல் அடம்த்வெயிட் மனிதர்தானே. அந்த எடையை நடிகர் நடையில் கொண்டுவருகிறார், மிச்சத்தை அனிமேட்டர்கள் சேர்க்கிறார்கள். லூகா நடந்து நிற்கும்போது உடல் நின்ற பிறகும் தோளிலும் வயிற்றிலும் சதை ஒரு கணம் தாமதமாக வந்து அடங்கும். அந்தத் தாமதம் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய மிருகமும் பலூனாகத்தான் தெரியும். இவ்வளவு கனமான உடம்பு, நோவாவின் காதோரம் ஒரு பூவை வைக்கும்போது இரண்டே விரலில் அதைப் பிடித்திருக்கிறது. பிறகு லூகா சாகும்போது அவள் அதே பூவை அவன் காதோரம் வைக்கிறாள். இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். குரங்கின் ரோமத்தை நிஜக் கை தொடும் இடங்கள் நுட்பத்தில் மிகக் கடினமானவை, விரல் ரோமத்துக்குள் அமுங்க வேண்டும், ரோமம் விலக வேண்டும், விரலுக்குக் கீழே நிழல் விழ வேண்டும்.

ஸ்டீவ் ஜான் நடித்த பேட் ஏப் என்ற பாத்திரம் நேரெதிர் வகை. மூடிக்கிடக்கும் பனிச்சறுக்கு விடுதியில் மனித ஜாக்கெட்டும் தொப்பியுமாகத் தனியாக வாழ்ந்த மிருகக்காட்சிசாலைக் குரங்கு. சீசர் கூட்டத்தோடு வளராதவன் என்பதால் அவனுடைய நடை, தலையாட்டல், பேச்சு எல்லாமே வேறு. நகைச்சுவைக்காக வைத்த பாத்திரம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்ற குரங்குகள் வந்து உட்கார்ந்ததும் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், எந்த நொடியிலும் விரட்டப்படலாம் என்று எதிர்பார்க்கிறவனின் பார்வை அது. சிரிப்பை விடத் தனிமைதான் அந்த நடிப்பில் அதிகம்.

டோபி கெபல் நடித்த கோபா இந்தப் படத்தில் சீசரின் மனதில் வரும் காட்சியாக மட்டும் வருகிறான். அவனைப் படிக்க இரண்டாவது படத்துக்குப் போக வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் இரண்டு மனிதர்கள் முன்னால் கோபா ஒன்றும் தெரியாத சர்க்கஸ் குரங்கைப்போலக் கோமாளித்தனம் செய்யும் காட்சி. மனிதர் குரங்காக நடிக்கிறார், அந்தக் குரங்கு இன்னொரு குரங்காக நடிக்கிறது. உதட்டைப் பிதுக்கிக் கையை ஆட்டிக் குதிக்கும்போதும் கண் மட்டும் அசையாமல் துப்பாக்கியை அளந்துகொண்டிருக்கும். பெர்ஃபார்மன்ஸ் கேப்சர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினால் போதும்.

ராக்கெட் என்ற சிம்பன்சியாக நடித்த டெரி நோட்டரிதான் மற்றவர்களுக்குக் குரங்கு நடை கற்றுக்கொடுத்தவர். சிம்பன்சியின் கை, காலோடு ஒப்பிட்டால் நீளம், நமக்கு அப்படியில்லை. அதனால் நான்கு காலில் ஓடும் காட்சிகளுக்குக் கையில் குட்டையான ஊன்றுகோல் மாதிரி நீட்டிகளைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். குதிரைமேல் வரும் காட்சிகளில் நடிகர்கள் நிஜக் குதிரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள், குதிரையின் முதுகு அசையும்போது சீசரின் இடுப்பு அதோடு சேர்ந்து இசைவது அதனால்தான்.

பனியையும் ரோமத்தையும் பற்றிச் சுருக்கமாக. ரோமத்தில் பனி ஒட்டும், உருகி நுனியில் சேரும், ஈரமான ரோமம் கற்றை கற்றையாகப் பிரியும். சீசர் தோளைத் திருப்பும்போது கழுத்தருகே பாருங்கள், போதும். காட்டு மரங்களிலும் சில கம்ப்யூட்டரில் வளர்த்தவை. அவற்றுக்காக வெட்டா டோட்டரா என்ற மென்பொருளைச் செய்தது, அதில் மரத்தை வரைந்து வைப்பதில்லை, ஒளிக்குப் போட்டிபோட்டு வளர விடுகிறார்கள். கடைசியில் பனிச்சரிவு வரும்போது கண் தானாகவே அங்கே போகும், அதற்கு வழிகாட்டத் தேவையில்லை.

நடிகரையும் குரங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

மேக்கிங் வீடியோக்களில் ஒரு பக்கம் சாம்பல் உடையில் செர்கிஸ், மறுபக்கம் சீசர் என்று ஒரே ஷாட்டை இணையாகக் காட்டுவார்கள். படத்தை இரண்டுமுறை பார்த்த பிறகுதான் இவற்றுக்கு வர வேண்டும். முன்பே பார்த்துவிட்டால் படம் முழுக்கச் செர்கிஸின் முகம்தான் மனதில் ஓடும்.

பார்க்கும்போது ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் நேரத்தை மட்டும் பாருங்கள்: செர்கிஸ் எப்போது இமைக்கிறார், எப்போது மூச்சை இழுக்கிறார், எப்போது தயங்குகிறார். சீசரும் அதே கணத்தில் அதையே செய்வான். உணர்ச்சியின் தாளம் முழுக்க நடிகருடையது. அடுத்த ஓட்டத்தில் வடிவத்தைப் பாருங்கள்: செர்கிஸின் வாய் போகும் இடமும் சீசரின் வாய் போகும் இடமும் ஒன்றாக இருக்காது. சீசரின் மூக்கோரம் சுருங்குவது, உதடு உள்ளே மடிவது, நெற்றி மடிப்பு எல்லாம் வேறு கணக்கில் போகும், ஆனால் உணர்ச்சி அதேதான். அந்த இடைவெளிதான் அனிமேட்டரின் வேலை. மூன்றாவது ஓட்டத்தில் இரண்டு முகங்களிலும் ஒத்தே வராத ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். காது, ரோமம் சிலிர்ப்பது, கால் விரல் எதையாவது பற்றுவது, இதெல்லாம் நடிகரிடம் கிடையாது, அனிமேட்டர்கள் சொந்தமாகக் கொடுத்தவை.

எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. மூன்று படங்களும் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன, ஒன்றுகூட வெல்லவில்லை. செர்கிஸுக்கு நடிப்புக்கான பரிந்துரையே கிடைக்கவில்லை. எங்கே நடிகர் முடிகிறார், எங்கே அனிமேட்டர் தொடங்குகிறார் என்று தெரியாததால் நடிப்புக்காரர்கள் இதைக் கிராபிக்ஸ் என்று ஒதுக்கினார்கள் என்பது என் எண்ணம். மேலே சொன்ன மூன்று ஓட்டங்களையும் பொறுமையாகச் செய்தவருக்கு அந்தக் குழப்பம் இருக்காது, தாளம் யாருடையது, வடிவம் யாருடையது என்று அவரே சொல்லிவிடுவார்.

இன்னும் தெம்பிருந்தால், சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு ஏரிக்கரையில் சீசரும் மாரிஸும் கடைசியாகப் பேசும் காட்சியை ஓட்டுங்கள். மைக்கேல் ஜியாக்கினோவின் இசை இல்லாமல், வசனம் இல்லாமல் இரண்டு முகங்கள் மட்டும். இசைதான் அழவைத்தது என்று நினைத்திருந்தால் அந்த எண்ணம் மாறிவிடும். சத்தத்தோடு பார்த்தபோது கவனத்துக்கு வராத ஒன்று அப்போது தெரியும்: மாரிஸுக்குச் சீசரின் காயம் தெரியவரும் நொடியில் மாரிஸின் முகத்தில் அசைவு ஏறக்குறைய எதுவுமே இல்லை, பார்வை மட்டும் கீழே இறங்கி மறுபடி மேலே வருகிறது.

2024-ல் வெஸ் பால் இயக்கத்தில் வந்த 'கிங்டம்' பல தலைமுறைகளுக்குப் பிந்தைய கதை, சீசரின் இறுதிச் சடங்கோடு தொடங்குகிறது. பார்க்க வேண்டிய படம்தான், ஆனால் 'வார்' பார்த்த மறுநாளே போட்டுவிடாதீர்கள், ஒரு வாரமாவது போகட்டும். அதில் குரங்குகள் நிறையப் பேசுகின்றன, அதனால் வாயசைவைப் பார்க்க அது நல்ல பயிற்சி, குறிப்பாக உதடு ஒட்டிப் பிரியும் எழுத்துகள் வரும் இடங்களில் அந்த நீண்ட வாய் எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள்.